சூட்டில் இருக்கிறது

கோத்தகிரி கடைக்காரர் முதலில் கேட்டது
பட்ஜெட்டை அல்ல.
"வீட்ல எத்தனை பேருக்கா?"

இரண்டு என்றேன்.
சேர்ந்தாற்போல் இரண்டு
ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதை
அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒரு லிட்டர், ஒன்றே முக்கால், இரண்டே கால்
அண்ணன் தம்பிகள்போல் அலமாரியில்.
கண்ணாடி மூடி போட்டதை எடுத்து
"வேகறதப் பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றார்.
இந்தக் குளிரில் கண்ணாடிக்குள்
ஆவியைத் தவிர என்ன தெரியும்?
உள்பாத்திரம் அலுமினியமா எவர்சில்வரா,
வயர் எத்தனை முழம்,
எங்கள் லைன் வீட்டுப் பிளக்கில்
இந்தத் தடித்த மூன்று கால் நுழையுமா,
ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கினால்
பாதியில் படுத்துக்கொள்ளுமா,
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
சிலிண்டர் தூக்கி வருகிறவர்
அறுபத்திரண்டு படிக்கும்
படிக்கு ஒரு ரூபாய் கேட்ட மாதம் அது.

ஒரு லிட்டர்தான் எடுத்தேன்.

முதல் நாள் புத்தகத்தில் போட்டபடி
ஒன்றுக்கு இரண்டு தண்ணீர்.
டக்கென்று பொத்தான் ஏறியது.
ரேஷன் புழுங்கலை விரலில் நசுக்கினால்
நடுவில் வெள்ளை முள்.
"உன் வூட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பு,
மேட்டுப்பாளையத்துல வேகவச்சுக் கொண்டாரட்டும்"
என்று சிரித்தாள் ரோலர் மெஷின் கெங்கம்மா.

புத்தகம் எழுதியவர் கீழ்நாட்டுக்காரர்.
இங்கே தண்ணீர் அவசரக்காரி,
முழுச் சூடு ஏறுமுன்பே தளதளப்பாள்.
கொதிப்பது வேறு, வேகுவது வேறு.

பிறகு கைக்கு வந்தது:
அரை மணி ஊறல். ஒன்றுக்கு மூன்று.
பொத்தான் ஏறியபின் ஒரு கை தண்ணீர் தெளித்து
மறுபடி அமுக்கு.
அளவுக் குவளை என்றோ தொலைந்து
டீத்தூள் டப்பா மூடி
அந்த வேலையைப் பார்க்கிறது.

ஒன்பதுக்கு நான் ஃபேக்டரி போய்விடுவேன்,
இலை வாடும் தொட்டிகளுக்கும்
காற்றாடி இரைச்சலுக்கும் நடுவே.
மண்டியில் கேரட் மூட்டை இறக்கிவிட்டு
சந்தனசாமி வர இரண்டாகும்.
அதற்குள் சட்டிச் சோறு செங்கல்லாகிவிடும் ஊர் இது.

இப்போது ஒரு பொட்டு ஆரஞ்சு விளக்கு
நான் சொல்ல வேண்டியதைச்
சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.
காலையில் மூடியைத் திறந்தால்
அவர் சொன்னது இருக்கும்.
நடுவில் பெரிய குழி என்றால் நல்ல பசி.
ஓரமாய் நாலு கரண்டி என்றால்
மண்டியில் விலை இல்லை.
ஒருமுறை முழுதும் காலி,
பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது.
என்ன தப்பு செய்தாரோ என்று
மூன்று நாள் யோசித்தேன்.

புத்தகம், பதினோராம் பக்கம்:
ஐந்து மணி நேரத்துக்கு மேல் சூட்டில் வைக்க வேண்டாம்.
ஒன்பதிலிருந்து இரண்டு, சரியாய் ஐந்து.
எங்களைப் பார்த்துவிட்டுத்தான்
எழுதியிருக்கிறார்கள்.

ஐப்பசியில்
குஞ்சப்பனை வளைவில் மண் சரிந்த இரவு முடிந்து
ஆறரைக்குப் பூட்டைத் திறந்தேன்.
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
சோறு நான் தட்டிவிட்டுப் போனபடியே,
கரண்டித் தடம்கூட என்னுடையது.
போனில் அந்தப் பெண்
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள்,
இரண்டு மொழியிலும், பொறுமையாக.

அணைக்கக் கை வரவில்லை.
எட்டு. ஒன்பதரை.
ஓரம் சுருண்டு மஞ்சள் ஏறி
காகிதம் கருகுகிற வாசனை.
பதினொன்றரைக்குப் படியில் செருப்புச் சத்தம்.
அறுபத்திரண்டையும் எண்ணினேன்.

முழங்கால்வரை செம்மண்.
"லோடு?" என்றேன்,
வேறெதுவும் வாயில் வரவில்லை.
"அது நேத்தே எறக்கியாச்சு.
திரும்பி வரையிலதான்."

புதிதாய் வைக்கலாமென்று
பாத்திரத்தைத் தூக்கினால்
"கொட்டாதே" என்றார்.
அடியில் பிடித்த தகட்டை
மரக்கரண்டியால் பெயர்த்து
(எவர்சில்வர் பட்டால் கீறும், அது பன்னிரண்டாம் பக்கம்)
எலுமிச்சை ஊறுகாய் தொட்டு
நொறுக் நொறுக்கென்று தின்றோம்,
எதிரும் புதிருமாய் உட்கார்ந்து,
ஒரு வியாழக்கிழமை.